ஒருவர் பறக்க ஏழு பேர்

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. அதைத் தரையிலிருந்து யாராவது கிளப்பிவிட வேண்டும். இறங்கி ஓடி எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து யாராவது இழுத்துவர வேண்டும். இதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் பறக்கும் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதனால் பிரிட்டனின் கிளைடிங் கிளப்புகள் பெரும்பாலும் ஓர் எளிய ஒப்பந்தத்தில் நடக்கின்றன: பறக்க வருகிறவர்களே தரை வேலையையும் பார்க்க வேண்டும். பயிற்சி கொடுப்பவர்களிலும் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத உறுப்பினர்கள்தான்.

இந்தப் பழக்கம் கிளைடிங்கோடு கூடப் பிறந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, வெர்சாய் ஒப்பந்தப்படி எஞ்சின் விமானங்களைக் கட்டுவதில் கடும் கட்டுப்பாடுகளுக்கு உள்ளானது. பறக்கும் ஆசை மட்டும் அடங்கவில்லை. 1920-இல் ஆஸ்கர் உர்ஸினுஸ் என்ற விமானப் பத்திரிகை ஆசிரியர் அழைப்பு விடுக்க, இளைஞர்கள் தாங்களே கட்டிய கிளைடர்களோடு ரோன் மலைப்பகுதியின் வாஸர்குப்பே குன்றில் கூடினார்கள். அங்கே கிளைடரைக் கிளப்பியது ரப்பர் கயிறு. அதன் நடுப்பகுதி கிளைடரின் மூக்குக் கொக்கியில் மாட்டப்படும். இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு குழுக்கள் சரிவில் கீழ்நோக்கி ஓடும். வாலைச் சிலர் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். கயிறு நன்றாக இழுபட்டதும் வாலை விட, கிளைடர் பாய்ந்து எழும். ஒருவர் பறப்பதற்கு ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். ஓடியவர்களின் முறை அடுத்தடுத்து வந்தது.

பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 1929-இல் தொடங்கியது. மறு ஆண்டே டன்ஸ்டபிள் குன்றுகளின் அடிவாரத்தில் லண்டன் கிளைடிங் கிளப் இயங்க ஆரம்பித்தது. இன்று பெரும்பாலான இடங்களில் ரப்பர் கயிற்றின் வேலையை, கேபிளை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச்சும் இழுவை விமானமும் செய்கின்றன. வின்ச்சுதான் மலிவு, அதனால் கிளப்புகளுக்குச் செல்லப்பிள்ளை. வின்ச் வைத்து நடத்தும் ஒரு கிளப்பின் சனிக்கிழமை காலை முதல் மாலை வரை எப்படி ஓடுகிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஹேங்கரைக் காலி செய்தல்

காலை எட்டரை, ஒன்பது மணிக்கு வந்து சேர்கிறவர்களுக்கு முதல் வேலை ஹேங்கர் கதவை உருட்டித் திறப்பது. உள்ளே கிளைடர்கள் ஒன்றின் இறக்கைக்கு அடியில் இன்னொன்றின் மூக்கு என்று நெருக்கி அடைத்து நிறுத்தப்பட்டிருக்கும். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் இருவர் கிளைடரான ஏஎஸ்கே 21-இன் இறக்கை நீளம் நுனிக்கு நுனி 17 மீட்டர். எது முதலில், எது பிறகு என்று ஒரு வரிசை உண்டு. அதை அறிந்த ஒருவர் மட்டுமே கட்டளை கொடுப்பார். மற்றவர்களில் ஒருவர் வாலில், ஒருவர் மூக்கருகே, ஆளுக்கு ஓர் இறக்கை நுனியில் நிற்பார்கள். யாராவது ‘ஸ்டாப்’ என்று கத்தினால், நேற்றுச் சேர்ந்த பள்ளி மாணவன் கத்தினாலும், அத்தனை பேரும் அந்த நொடியே நிற்க வேண்டும். அன்றைய பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

2. காலைச் சோதனை

வெளியே வந்த ஒவ்வொரு கிளைடருக்கும் அன்றைய சோதனை நடக்கும். அதைச் செய்து கையெழுத்துப் போடத் தகுதி பெற்ற உறுப்பினர் ஒருவர் மூக்கில் ஆரம்பித்து ஒரு சுற்று வருவார். இறக்கைகளை உடலோடு பிணைக்கும் முள் சரியாக உட்கார்ந்து பூட்டியிருக்கிறதா, டயரில் காற்று போதுமா, கேபிள் கொக்கி இழுத்தால் திறக்கிறதா, தானாகக் கழல வேண்டிய திசையில் கழல்கிறதா என்று பார்ப்பார். பிறகு இருக்கையைச் சுற்றித் துழாவுவார். முந்தைய நாள் யாரோ தவறவிட்ட ஒரு பேனா, விமானியின் கட்டுப்பாட்டு ஸ்டிக்குக்கு அடியில் உருண்டு போனால் வானில் அது பெரிய வில்லங்கம்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் ஒரு சோதனை முக்கியமானது. உள்ளே இருப்பவர் ஸ்டிக்கை அசைக்க, வெளியே இருப்பவர் இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளைக் கையால் அழுத்திப் பிடித்து எதிர்ப்பார். சும்மா அசைத்துப் பார்த்தால், சரியாக இணைக்கப்படாத கம்பிகூடப் பலகையை நகர்த்திக் காட்டி ஏமாற்றிவிடும். எதிர்த்துப் பிடிக்கும்போதும் விசை கைக்கு வந்து சேர்ந்தால்தான் இணைப்பு உறுதி என்று ஒப்புக்கொள்வார்கள்.

3. களத்தை விரித்தல்

இதற்குள் ட்யூட்டி பயிற்றுநர் வானிலையையும் வான்வெளி அறிவிப்புகளையும் பார்த்து, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதை வைத்து அன்றைய திசையைச் சொல்லியிருப்பார். கிளைடர் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். எனவே காற்று வரும் பக்கத்துக் கோடியில் வின்ச், எதிர்க் கோடியில் கிளைடர் வரிசை. இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் புல்வெளி. வரிசைப் பக்கம் ஒரு பழைய பேருந்தோ கேரவனோ நிற்கும். சைகை விளக்கு, ரேடியோ, குறிப்பேடு, தேநீர்க் கெட்டில் எல்லாம் அதில்தான்.

வின்ச் என்பது லாரி எஞ்சின் போன்ற வலுவான எஞ்சினோடு பொருத்திய இரண்டு உருளைகள். அவற்றில் சுற்றியிருக்கும் இரண்டு கேபிள்களையும் ஒரு வண்டி ஒன்றாகப் பிடித்து வரிசை வரை இழுத்துவரும். கேபிள் முன்பெல்லாம் எஃகு. இப்போது பல கிளப்புகள் டைனீமா என்ற செயற்கை இழைக்கு மாறிவிட்டன. அது எடை குறைவு, அறுந்தால் களத்திலேயே பின்னிச் சேர்க்கவும் எளிது. வண்டி ஓட்டுவது புதியவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும் வேலைகளில் ஒன்று. கேபிள்களை ஒன்றோடொன்று பின்னாமல் நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும், வேகத்தைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சட்டென்று நின்றால், வின்ச்சில் சுழன்றுகொண்டிருக்கும் உருளை மேலும் கேபிளை உதிர்த்துச் சிக்கலாக்கிவிடும்.

4. பட்டியலில் பெயர்

வந்த வரிசைப்படி பெயர் எழுதுவது பழைய முறை. நேரம் முன்பதிவு செய்யும் முறையும் பல இடங்களில் வந்துவிட்டது. எதுவானாலும் எழுதப்படாத ஒரு விதி உண்டு: தன் முறை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. தன்னைக் கிளப்பிவிட்டவர்கள் பறக்கும் வரை இருந்து கை கொடுக்க வேண்டும். அப்படி இல்லாதவரை யாரும் வாய்விட்டு ஏசமாட்டார்கள், ஆனால் கிளப் முழுவதும் தெரிந்துவிடும்.

5. உள்ளே உட்காருதல்

முறை வந்தவர் பாராசூட்டை மாட்டிக்கொண்டு, முன்னிருக்கையில் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் அமர்வார். பின்னால் பயிற்றுநர். வார்களை இறுக்கியபின் ஒன்பது அம்சங்களை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்: கட்டுப்பாடுகள், எடை வரம்பு, வார்கள், கருவிகள், ஃபிளாப், ட்ரிம், கண்ணாடி மூடி, ஏர்பிரேக். ஒன்பதாவதுதான் சுவையானது. எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வேன் என்று அன்றைய காற்றையும் களத்தையும் வைத்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். “தாழ்வில் கேபிள் அறுந்தால் மூக்கைத் தாழ்த்தி, வேகம் வந்ததும் நேராக இறங்குவேன். நேராக இறங்க இடமில்லாத உயரமென்றால் இடப்பக்கம் திரும்பிச் சின்னச் சுற்று” என்கிற மாதிரி. காற்று மாறினால் இந்தப் பதிலும் மாறும். அதனால் மனப்பாடம் உதவாது.

6. கேபிள் மாட்டுதல்

கேபிளின் நுனியில் சின்ன பாராசூட் ஒன்று, அதை அடுத்து வீக் லிங்க், கடைசியில் இரட்டை வளையம். வீக் லிங்க் என்பது குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் உடைந்துவிடும்படி அளந்து செய்த உலோகத் தகடு. இழுவை எல்லை மீறினால் இறக்கை முறிவதற்கு முன் இது உடைந்து கொடுக்கும். ஒவ்வொரு கிளைடர் வகைக்கும் தாங்கும் விசை வேறு என்பதால் லிங்குகளுக்கு நிறம் உண்டு. வலுவானது கருப்பு, அடுத்தது பழுப்பு, பிறகு சிவப்பு, நீலம், வெள்ளை என்று இறங்கிக்கொண்டே போகும்.

கேபிள் மாட்டுபவர் லிங்கை விமானியிடம் காட்டி நிறத்தைச் சொல்வார். விமானி சரி என்றதும் வயிற்றுக் கொக்கி அருகே குனிவார். “ஓப்பன்” என்றால் விமானி மஞ்சள் குமிழை இழுப்பார், கொக்கி திறக்கும். சின்ன வளையத்தை உள்ளே நுழைத்து “க்ளோஸ்” என்றால் குமிழை விடுவார், கொக்கி கவ்விக்கொள்ளும். மாட்டியவர் கேபிளை ஓர் இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுவார். இரண்டாவது கேபிள் பக்கத்திலேயே புல்லில் கிடக்கும். முதலாவது போய் முடியும்வரை அதை யாரும் தொடக் கூடாது.

இறக்கை பிடிப்பவர் இப்போது நுனியைத் தூக்கிச் சமமாக்குவார். தூக்கும் முன் மேலேயும் பின்னாலும் பார்ப்பார், யாராவது இறங்க வருகிறார்களா என்று. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பின்பக்கம் தெரியாது. அந்த இடத்தில் அவருடைய கண் இவர்தான். வானம் காலியென்றால் கட்டளை போகும்: “டேக் அப் ஸ்லாக்.” இறக்கை பிடிப்பவர் மறு கையை இடுப்புக்குக் கீழே முன்னும் பின்னும் ஆட்டுவார். பேருந்தில் இருப்பவர் அதைப் பார்த்து வின்ச்சை நோக்கி விளக்கை மெதுவாக விட்டுவிட்டுப் போடுவார். தொய்வு நீங்கி, கேபிள் புல்லில் நெளிந்து நேராகும். கிளைடர் லேசாக முன்னே அசையும்போது “ஆல் அவுட்.” கை தலைக்கு மேலே வேகமாக ஆடும், விளக்கு படபடவென்று மின்னும். இதற்கிடையே எது சரியில்லை என்று பட்டாலும் யார் வேண்டுமானாலும் ‘ஸ்டாப்’ சொல்லலாம். அதற்கு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நேராகத் தூக்க வேண்டும், விளக்கு அணையாமல் நின்று எரியும்.

7. நாற்பது நொடிகள்

வின்ச் ஓட்டுநர் ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கம்பிவலைக் கூண்டுக்குள் இருக்கிறார். கிளைடர் அவருக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. விளக்கு படபடத்ததும் விசையைச் சீராகக் கூட்டுகிறார். சில நொடிகளில் கிளைடர் தரையை விட்டு எழுகிறது.

ஆபத்து அதிகம் உள்ள நேரம் இந்தச் சில நொடிகளே. இறக்கை பிடித்தவர் ஓடும் வரை ஓடி விட்டுவிடுவார். நுனியைத் தளர்வாகத்தான் பிடித்திருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கிளைடரை ஒரு பக்கம் இழுத்துத் திருப்பிவிடும். இறக்கை தரையைத் தொட்டால் கிளைடர் சுழன்று புரண்டுவிடலாம். அதனால் விமானியின் இடது கை மஞ்சள் குமிழை விட்டு நகர்வதில்லை. இறக்கை சாய்வதை நிறுத்த முடியாது என்று தெரிந்த அக்கணமே இழுத்துவிட வேண்டும். பிரிட்டிஷ் சங்கம் 2005-இல் தொடங்கிய பாதுகாப்பான வின்ச் இயக்கம் விடாமல் வலியுறுத்தியவற்றில் இதுவும் ஒன்று.

வேகமும் பாதுகாப்பான உயரமும் சேர்ந்தபின் மூக்கு படிப்படியாக நிமிரும். ஏறத்தாழ 45 பாகை. நூலில் ஏறும் பட்டம் மாதிரி கிளைடர் உயர, கீழே ஓட்டுநர் கேபிளின் வளைவைப் பார்த்து விசையைக் குறைத்துக்கொண்டே வருவார். எதிர்காற்று பலமாக இருந்தால் இன்னும் குறைப்பார். வேகம் மிஞ்சினால் விமானி வாலை இடமும் வலமும் ஆட்டிக் காட்டுவார், ஓட்டுநர் புரிந்துகொள்வார். உச்சியை நெருங்கும்போது ஓட்டுநர் விசையை எடுத்துவிடுவார். மூக்கைத் தாழ்த்தி விமானி குமிழை இழுப்பார். அவர் மறந்தாலும் கேபிள் பின்பக்கம் இழுக்கும் கோணத்தில் கொக்கி தானே கழன்றுவிடும். ஆயிரம் அடியிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு அடி உயரம், சுமார் நாற்பது நொடிகளில்.

ஓட்டுநரின் வேலை அதோடு தீரவில்லை. கழன்ற கேபிளின் பாராசூட் விரிந்து மிதக்கும். காற்று அதைப் பக்கத்து வேலிக்கோ சாலைக்கோ கொண்டுபோகாதபடி உருளையைச் சுழற்றி இழுத்து, களத்துக்குள் நேராகப் படுக்க வைக்க வேண்டும். பாராசூட் வின்ச்சுக்குள் சிக்குமுன் நிறுத்தவும் வேண்டும். தனியாக வின்ச் ஓட்ட அனுமதி பெறுவதற்கு முன் முறையான பயிற்சியும் சோதனையும் உண்டு. நல்ல வின்ச் ஓட்டுநர் பலர் நல்ல விமானிகளாகவும் இருப்பது தற்செயல் அல்ல. மறுமுனையில் என்ன நடக்கிறது என்று அவர்கள் நூறு முறை பார்த்திருக்கிறார்கள்.

8. கேபிள் அறுந்தால்

வின்ச்சில் இது சகஜம். அதனால் தனியாகப் பறக்க விடுவதற்கு முன் பயிற்றுநர் பல உயரங்களில் வேண்டுமென்றே குமிழை இழுத்து மாணவரைச் சோதிப்பார். ‘டங்’ என்ற சத்தம், முதுகை அழுத்திய விசை மறைகிறது, மூக்கோ வானத்தைப் பார்த்தபடி. செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறாது. ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கைத் தொடுவானத்துக்குக் கீழே கொண்டுவா. வேகம் ஏறும்வரை காத்திரு. கொக்கியில் தொங்கும் மிச்சக் கேபிளைக் கழற்று. அதன்பின் முன்னால் இடம் இருக்கிறதா என்று பார். மூக்குத் தாழ்ந்ததும் வேகம் வந்துவிட்டதாக நினைத்து உடனே திரும்புவதுதான் உயிருக்கு ஆபத்து. காற்றில் வேகம் கூடச் சில நொடிகள் பிடிக்கும்.

9. மேலேயும் கீழேயும்

மேலெழும் வெப்பக்காற்று கிடைக்காத நாளில் இந்த உயரத்திலிருந்து ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிடலாம். கிடைத்தால், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்லும் வேரியோமீட்டர் மேலே காட்டும் இடத்தில் வட்டமிட்டு மணிக்கணக்கில் இருக்கலாம். ஏஎஸ்கே 21 சிறந்த வேகத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 34 மீட்டர் தூரம் போகும். இறங்க முடிவெடுத்தால் களத்துக்குப் பக்கவாட்டில் காற்றோடு போய், இரண்டு திருப்பங்களில் களத்துக்கு நேராக வந்து, நீல நிறப் பிடியால் ஏர்பிரேக்கைத் திறந்து மூடி இறக்கத்தைச் சரிசெய்து தரை தொட வேண்டும். எஞ்சின் இல்லாததால் இரண்டாம் வாய்ப்பு இல்லை.

குறிப்பேட்டுக்காரர் கிளம்பிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் யார் எந்த இருக்கையில் இருந்தார் என்பதையும் எழுதுகிறார். மாலைக் கணக்குக்கு இது வேண்டும். அதைவிட, மேலே போன ஒரு கிளைடர் வெகுநேரமாகத் திரும்பவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டியவரும் அவரே. நின்ற கிளைடரை அப்படியே விடக் கூடாது. ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்து நடக்க, வண்டி கட்டி இழுத்து வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த முறை வரும்வரை காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, மேலே பழைய டயர்களை வைத்து விடுவார்கள்.

10. வெளியூரில் இறங்கினால்

வெள்ளி பேட்ஜ் என்ற சர்வதேசத் தகுதிக்கு 50 கிலோமீட்டர் பயணம், ஐந்து மணி நேரம் வானில், 1000 மீட்டர் உயர ஏற்றம் ஆகிய மூன்றும் வேண்டும். தூரம் போகத் துணிகிறவர் சில நாள் திரும்பிவர மாட்டார். வெப்பக்காற்று தீர்ந்து யாரோ ஒரு விவசாயியின் அறுவடை முடிந்த வயலில் இறங்குவார். நிலத்துக்காரரைத் தேடிப் பேசிவிட்டுக் கிளப்புக்குப் போன் செய்வார். அந்த நேரத்தில் கிளப்பில் இருக்கும் இரண்டு மூன்று பேர் நீள டிரெய்லரைக் காரில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வயலில் இறக்கைகளைக் கழற்றி, டிரெய்லருக்குள் தள்ளிப் பூட்டித் திரும்பும்போது இரவாகிவிடும். வழியில் ஒரு பப்பில் சாப்பாடு, செலவு இறங்கியவர் தலையில். இதுவும் எழுதாத விதிதான்.

11. மாலையும் குளிர்காலமும்

கடைசிக் கிளைடர் இறங்கியதும் காலையில் நடந்ததெல்லாம் தலைகீழ் வரிசையில். கேபிள்கள் சுற்றப்படும், இறக்கைகளில் ஒட்டிய பூச்சிகளையும் சேற்றையும் துடைப்பார்கள், கிளைடர்கள் ஹேங்கருக்குள் அடைக்கப்படும். பயிற்றுநர் மாணவரின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். பொருளாளர் குறிப்பேட்டைப் பார்த்துக் கணக்கு போடுவார்.

வானம் மூடிக்கிடக்கும் குளிர்காலத்தில் வேலை பட்டறைக்கு நகரும். ஆண்டுச் சோதனைக்காகக் கிளைடரைப் பிரித்து, ஆய்வாளர் தகுதி பெற்றவர் மேற்பார்வையில் உறுப்பினர்கள் தேய்ப்பார்கள், மெழுகு பூசுவார்கள், தேய்ந்த உதிரிகளை மாற்றுவார்கள். பல ஜெர்மன் கிளப்புகளில் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் வேலை என்று விதியே உண்டு. செய்யாதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும்.

கணக்கு

புதிதாகச் சேர்பவர் முதலில் இறக்கை பிடிப்பார், பிறகு குறிப்பேடு, வண்டி, சைகை விளக்கு, கேபிள் மாட்டுதல். ஒவ்வொன்றும் வானில் தேவைப்படும் ஏதோ ஒன்றைத் தரையில் சொல்லிக்கொடுக்கிறது: பின்னால் பார்ப்பது, காற்றைக் கவனிப்பது, சந்தேகம் வந்தால் நிறுத்துவது. பிரிட்டனில் 14 வயதில் தனியாகக் கிளைடர் ஓட்டலாம். கார் ஓட்டும் வயது வராத பிள்ளையை நம்பி விமானத்தைக் கொடுக்கும் துணிவு பயிற்றுநருக்கு வருவதற்குக் காரணம், அந்தப் பிள்ளையைப் பல வாரங்களாகக் களத்தில் வேலை செய்து பார்த்திருப்பதுதான்.

வேலையும் குடும்பமும் அவசரமும் எல்லோருக்கும் கூடிவிட்டன. நாள் முழுவதும் களத்தில் நிற்க முடியாதவர்கள் அதிகரித்ததால்தான் முன்பதிவும் அரைநாள் முறையும் வந்தன. காத்திருப்பைச் சுருக்கலாம், ஆட்களைச் சுருக்க முடியாது. வின்ச் ஓட்டுபவர், கேபிள் மாட்டுபவர், இறக்கை பிடிப்பவர், விளக்குச் சைகை கொடுப்பவர், குறிப்பேடு எழுதுபவர், வண்டி ஓட்டுபவர், பொறுப்பான பயிற்றுநர். ஆள் குறைந்த நாளில் ஒருவரே இரண்டு வேலை பார்க்கலாம், வின்ச்சில் இருப்பவர் இறக்கையைப் பிடிக்க முடியாது. இவர்கள் வராத சனிக்கிழமையில் எவ்வளவு நல்ல வெயில் அடித்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த கிளைடர் ஹேங்கரில் இருந்தாலும், அந்தக் கிளப் பறக்காது.